துபாய் போன எம்.டி. எப்ப வருவார், எங்க பணம் எப்ப வரும்?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். கும்பகோணம் பக்கம் ரிட்டயர்டு ஸ்கூல் டீச்சர் நான். ரிட்டயர்மென்ட் பணத்துல 14 லட்சத்தை ஒரு நிதி நிறுவனத்துல போட்டேன். கொஞ்ச நாள் மாச வட்டி ஒழுங்கா வந்துச்சு, அப்புறம் ஒருநாள் ஆபீஸே பூட்டிக்கிடந்துச்சு. எம்.டி. குடும்பத்தோட துபாய் போயிட்டாராம். "யாரும் கேஸ் குடுக்காதீங்க, குடுத்தா பணம் முடங்கிடும்"னு வாய்ஸ் மெசேஜ் மட்டும் வருது. வேற ஆளுங்க குடுத்த புகார்ல எப்.ஐ.ஆர் போட்டாச்சு, நான் இன்னும் குடுக்கல. எங்க வாட்ஸப் குரூப்புல "ரெட் கார்னர் போட்டாச்சு, ஒரு மாசத்துல தூக்கிட்டு வந்துடுவாங்க"ன்னு சொல்றாங்க, டெல்லியில ஆள் வச்சு வேலைய சீக்கிரம் முடிக்க ஆளுக்கு 5,000 வசூலும் நடக்குது. இன்னொரு சங்கடம், எங்க ஏரியாவுல ஆள் சேத்துவிட்டது என் தம்பிதான், கமிஷனும் வாங்கியிருக்கான். இப்ப மலேசியாவுல வேலைல இருக்கான், எப்.ஐ.ஆர்ல அவன் பேரும் இருக்காம். வந்தா ஏர்போர்ட்லயே பிடிச்சுடுவாங்களா? பேசாம அங்கயே இருந்துடட்டுமா?

பதில்: டீச்சர் வணக்கம். முதல்ல அந்த 5,000 ரூபாயை குடுக்காதீங்க, குடுத்திருந்தா திருப்பி கேளுங்க, தரலைன்னா அதையும் சேத்து போலீஸ்ல சொல்லுங்க. ஒரு ஆளை வெளிநாட்டுல இருந்து கொண்டுவரதுக்கு பொதுஜனம் கட்ட வேண்டிய பீஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாது, அது ஒரு அரசாங்கம் இன்னொரு அரசாங்கத்துக்கு பேப்பர் அனுப்பி கேக்கற விஷயம், நடுவுல "ஆள்" யாருக்கும் வேலை இல்ல. ஏமாந்தவங்க போன் நம்பர் லிஸ்ட் ஒருத்தன் கைல சிக்கிட்டா அதே லிஸ்ட்டை வச்சு ரெண்டாவது ரவுண்டு வசூல் பண்றது இந்த மாதிரி கேஸ்கள்ல சகஜம்.

அடுத்தது அந்த வாய்ஸ் மெசேஜ். கேஸ் குடுத்தா பணம் முடங்கிடும்னு அவர் சொல்றது அவருக்கு ரொம்ப வசதியான கதை. கேஸ் குடுத்தாதான் அவர் பேர்லயும் அவர் சம்சாரம் பேர்லயும் இங்க இருக்கற வீடு, நிலம், பேங்க் கணக்கு எல்லாம் முடங்கும், முடங்கினதுல இருந்துதான் உங்களுக்கு ஏதாவது வரும். நீங்க காத்திருக்கற ஒவ்வொரு மாசமும் அவருக்கு ஒரு பத்திரம் மாத்தி எழுத கிடைக்கற டைம்.

உங்க லெட்டர்ல ஆளு வந்தாதான் பணம் வரும்ங்கற நினைப்பு இருக்கு, உங்க குரூப் மொத்தமுமே அப்படித்தான் நினைக்குது போல. விஜய் மல்லையாவை எடுத்துக்கோங்க. 2016 மார்ச் 2-ம் தேதி கிளம்பி லண்டன் போன மனுஷன், இத்தனை வருஷமாகியும் இந்தியா திரும்பல. ஆனா அவரோட சொத்துகள்ல இருந்து பேங்குகளுக்கு 14,131 கோடி ரூபாய் திரும்பி வந்துடுச்சுன்னு 2024 டிசம்பர்ல நிதியமைச்சர் நாடாளுமன்றத்துல சொன்னாங்க. ஆளு வரல, பணம் வந்துச்சு. ஆளை கொண்டுவரது ஒரு தண்டவாளம், சொத்தை பிடிக்கறது வேற தண்டவாளம், உங்க டிக்கெட் ரெண்டாவதுல இருக்கு.

ஆனாலும் ஆளு எப்ப வருவார்னு நீங்க கேட்டதுக்கு பதில் சொல்லித்தான் ஆகணும், ஏன்னா இதுல பாதி பேருக்கு மேல தப்பா புரிஞ்சு வச்சிருக்காங்க.

ரெட் கார்னர்னு நாம சொல்றது இன்டர்போல் தன்னோட மெம்பர் நாடுகளுக்கு அனுப்பற தகவல், "இந்த ஆளை இந்தியா தேடுது, கண்ணுல பட்டா இருக்கற இடத்தை சொல்லுங்க, முடிஞ்சா தற்காலிகமா பிடிச்சு வைங்க"ன்னு, அவ்வளவுதான். இன்டர்போல் போலீஸ்காரர்னு ஒருத்தர் பிரான்ஸ்ல லியோன் நகரத்துல இருந்து கிளம்பி வந்து துபாய்ல யாரையும் அரெஸ்ட் பண்ண மாட்டார். பிடிக்கறதா வேண்டாமாங்கறது அந்தந்த நாட்டு சட்டம். இங்க மாநில போலீஸ் கேக்கணும்னா சி.பி.ஐ. வழியாத்தான் இன்டர்போலுக்கு போகணும், முன்னாடி லெட்டர், பேக்ஸ்னு இழுத்துக்கிட்டு இருந்ததை 2025 ஜனவரியில பாரத்போல்னு ஒரு போர்ட்டல் ஆரம்பிச்சு கொஞ்சம் சுலபமாக்கியிருக்காங்க. பிரிண்ட் எடுத்து குரூப்புல போடறதுக்கு ரெட் நோட்டீஸ் நல்லா இருக்கும், ஆனா அது இருந்தா ஆள் வந்துடுவார், இல்லன்னா வரமாட்டார்னு எதுவும் இல்ல. பேங்க் மோசடி கேஸ்ல தேடப்பட்ட வைர வியாபாரி மெஹுல் சோக்ஸி மேல இருந்த ரெட் நோட்டீஸை இன்டர்போலே எடுத்துடுச்சு, 2023-ல அது பெரிய நியூஸாச்சு, எல்லாரும் தப்பிச்சுட்டார்னு எழுதினாங்க. அப்புறம் 2025 ஏப்ரல்ல இந்தியா நேரடியா கேட்டதை வச்சு பெல்ஜியம் போலீஸ் அவரை அரெஸ்ட் பண்ணுச்சு, அக்டோபர்ல ஆன்ட்வெர்ப் கோர்ட் இந்தியாவுக்கு அனுப்பலாம்னு சொல்லுச்சு.

உண்மையான வேலை நடக்கறது ஒப்படைப்பு கோரிக்கையில, அதாவது எக்ஸ்ட்ராடிஷன். 1962-ல வந்த சட்டம் ஒண்ணு இருக்கு, அது போக நாட்டுக்கு நாடு தனித்தனி ஒப்பந்தம். உங்க எம்.டி. கேஸ்ல இது எப்படி போகும்னா, பொருளாதார குற்றப்பிரிவு போலீஸ் முதல்ல குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணணும், கோர்ட் அதை எடுத்துக்கிட்டு அவர் பேர்ல வாரண்ட் போடணும், அதுக்கு முன்னாடி எக்ஸ்ட்ராடிஷன் பேச்சே சரியா ஆரம்பிக்காது. அப்புறம் எப்.ஐ.ஆர், குற்றப்பத்திரிகை, வாரண்ட், சாட்சி வாக்குமூலம், இந்த ஆள்தான் அந்த ஆள்னு காட்டற போட்டோ பாஸ்போர்ட் விவரம், எந்த சட்டத்துல என்ன தண்டனைங்கறது, எல்லாத்தையும் ஒரு கட்டா கட்டி மாஜிஸ்ட்ரேட் சான்று வாங்கி மாநில உள்துறை வழியா டெல்லி வெளியுறவு அமைச்சகத்துக்கு போகணும், அவங்க பாத்து அங்க இருக்கற நம்ம தூதரகம் மூலமா அந்த நாட்டு அரசாங்கத்துகிட்ட குடுப்பாங்க. துபாய்னா எல்லாம் அரபியில மொழிபெயர்த்து போகணும். ஒரு பக்கத்துல சீல் இல்லன்னு திரும்பி வந்தா மறுபடி முதல்ல இருந்து. டிலே ஆகற கேஸ்ல வெளிநாட்டு கோர்ட்டை குத்தம் சொல்றோம், நிறைய நேரம் லேட்டு இங்கயே நம்ம பக்கத்துலதான் ஆரம்பிக்குது, விசாரணை அதிகாரி டிரான்ஸ்பர் ஆனா அந்த கட்டை புதுசா வரவர் முதல் பக்கத்துல இருந்து படிக்கணும்.

அங்க போனப்புறம் அந்த நாட்டு கோர்ட் என்ன பாக்கும்? இங்க குற்றம்னா அங்கயும் அது குற்றமா, குறைஞ்சது ஒரு வருஷமாவது தண்டனை உள்ளதாங்கறது முதல் கேள்வி, மோசடி எல்லா ஊர்லயும் குற்றம்தான் அதனால உங்க கேஸ்ல அது பிரச்சனை இல்ல. அரசியல் குற்றமாங்கறது அடுத்தது. பாரதியார் 1908-ல புதுச்சேரி போனதும் பிரெஞ்சு மண்ணுங்கறதால பிரிட்டிஷ் போலீஸால உள்ள வந்து கைவைக்க முடியாம 10 வருஷம் உளவாளிகளை மட்டும் சுத்தவிட்டுக்கிட்டு இருந்ததும், 1918 நவம்பர்ல அவர் எல்லையை தாண்டி கடலூர் பக்கம் கால் வச்சதும் பிடிச்சதும் நமக்கு தெரிஞ்ச கதைதானே, அந்த மாதிரி ஆளுங்களுக்காக இருக்கற பாதுகாப்பு அது. இப்ப பேங்க் பணத்தை சுருட்டினவங்க எல்லாம் "எங்க மேல அரசியல் பழிவாங்கல்"னு அதே குடைக்குள்ள நிக்க பாக்கறாங்க, படிக்கவே எரிச்சலா இருக்கும்.

அதை விட இப்ப ஜெயிக்கற வாதம் என்ன தெரியுமா, நம்ம ஜெயில். மல்லையா கேஸ்ல மும்பை ஆர்தர் ரோடு ஜெயில் 12-ம் நம்பர் பேரக்ல வெளிச்சம் வருதா, காத்து வருதான்னு வீடியோ எடுத்து லண்டன் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டி வந்துச்சு. 2025 பிப்ரவரியில ஆயுத தரகர் சஞ்சய் பண்டாரி கேஸ்ல லண்டன் ஐகோர்ட் திகார் ஜெயில்ல அவருக்கு மிரட்டலும் வன்முறையும் நடக்க வாய்ப்பு இருக்குன்னு சொல்லி அனுப்ப முடியாதுன்னுட்டாங்க. சாதாரண விசாரணைக் கைதி நம்ம ஜெயில்ல எப்படி இருக்கான்னு நமக்கே அக்கறை இல்லாதப்ப வெளிநாட்டு ஜட்ஜ் கேக்கறார்னு கோவப்பட்டு என்ன பண்றது.

எந்த குற்றத்துக்கு கேட்டோமோ அதுக்கு மட்டும்தான் இங்க விசாரிக்க முடியும், கொண்டுவந்தப்புறம் பழைய கேஸ் எல்லாம் சேத்து போடக்கூடாது. குடுத்த வாக்கையும் காப்பாத்தணும். மும்பை குண்டுவெடிப்பு கேஸ் அபு சலீமை 2005-ல போர்ச்சுகல் அனுப்பினப்ப தூக்கு கிடையாது, 25 வருஷத்துக்கு மேல ஜெயில் கிடையாதுன்னு இந்தியா எழுதிக் குடுத்துச்சு, இங்க ஆயுள் தண்டனை குடுத்தாலும் அந்த 25 வருஷ வாக்கு அரசாங்கத்தை கட்டும்னு 2022-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

நேரம் எவ்வளவு ஆகும்னா, வைர வியாபாரி நீரவ் மோடியை 2019 மார்ச்ல லண்டன்ல ஒரு பேங்க்ல அக்கவுண்ட் ஆரம்பிக்க போனப்ப பிடிச்சாங்க, 2021 பிப்ரவரியில கீழ் கோர்ட் அனுப்பலாம்னு சொல்லி, ஏப்ரல்ல அந்த நாட்டு உள்துறை அமைச்சர் கையெழுத்து போட்டு, 2022 நவம்பர்ல ஐகோர்ட் அப்பீலை தள்ளி, டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் போகவும் அனுமதி இல்லன்னு சொல்லி, அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா அங்க ஜெயில்லயே இருந்தார். இத்தனைக்கும் அது நாடே பாத்த கேஸ், பின்னாடி சி.பி.ஐ., ஈ.டி.ங்கற அமலாக்கத்துறை ரெண்டும் இருந்துச்சு.

துபாய் லண்டன் மாதிரி இல்ல, அது உங்களுக்கு கொஞ்சம் ஆறுதல். 1999-ல கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கு, 2018 டிசம்பர்ல ஹெலிகாப்டர் ஊழல் கேஸ்ல கிறிஸ்டியன் மிஷெல்ங்கற பிரிட்டிஷ்காரரையே அமீரகம் அனுப்பி வச்சுச்சு. சொந்த குடிமக்களை அனுப்ப மாட்டாங்க, உங்க எம்.டி. நம்ம பாஸ்போர்ட்லதானே இருக்கார், அதனால அந்த தடை இல்ல. இன்னொரு குறுக்கு வழியும் உண்டு, கிரிமினல் கேஸ் நிலுவைல இருக்குன்னு இங்க பாஸ்போர்ட்டை முடக்கினா அங்க விசா புதுப்பிக்க முடியாது, விசா இல்லன்னா அந்த நாடே நாடு கடத்தி விமானம் ஏத்திவிடலாம், எக்ஸ்ட்ராடிஷன் கோர்ட் எதுவும் வேண்டாம். இது எல்லா நாட்டுலயும் வேலை செய்யாது, மல்லையா பாஸ்போர்ட்டை 2016-ல ரத்து பண்ணினப்ப பிரிட்டன் "உள்ள வரும்போது செல்லுபடியான பாஸ்போர்ட்ல வந்தார், அது போதும்"னு சொல்லிடுச்சு. வளைகுடாவுல விசாதான் மூச்சு. அதனால உங்க குரூப் அதிகாரிகளை கேக்க வேண்டிய கேள்வி "ரெட் கார்னர் போட்டாச்சா"ங்கறதோட நிக்கக்கூடாது, "குற்றப்பத்திரிகை எப்ப, பாஸ்போர்ட்டை முடக்க எழுதியாச்சா"ன்னு கேளுங்க.

ஆள் வராமலே கேஸ் நடக்குமான்னா இப்ப நடக்கும். 2024 ஜூலையில அமலுக்கு வந்த புது குற்றவியல் நடைமுறை சட்டத்துல (பி.என்.எஸ்.எஸ்.), 10 வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள குற்றத்துல தலைமறைவா இருக்கறவரை அறிவிக்கப்பட்ட குற்றவாளின்னு கோர்ட் பிரகடனம் பண்ணலாம், 84-வது பிரிவு. 85-ல சொத்தை ஜப்தி பண்ணலாம், 86-ல வெளிநாட்டுல இருக்கற சொத்துக்கும் அந்த நாட்டு உதவி கேக்கலாம். 356-வது பிரிவுல, குற்றச்சாட்டு பதிவாகி 90 நாள் கழிச்சு, வாரண்ட் ரெண்டு தடவை போட்டு, பேப்பர்ல விளம்பரம் குடுத்து, வீட்டுல நோட்டீஸ் ஒட்டி எல்லாம் பண்ணினப்புறம் அவர் இல்லாமலே விசாரிச்சு தீர்ப்பும் சொல்லலாம். 2018-ல வந்த தப்பியோடிய பொருளாதார குற்றவாளிகள் சட்டம்னு டிவியில அடிக்கடி வருமே, அது 100 கோடி ரூபாயும் அதுக்கு மேலயும் உள்ள கேஸுக்கு மட்டும், உங்க நிறுவனம் அந்த அளவுக்கு வசூல் பண்ணியிருந்தா ஈ.டி. பாத்துக்கும்.

இப்ப உங்க பணம். நம்ம மாநிலத்துல 1997-லயே முதலீட்டாளர் பாதுகாப்பு சட்டம் வந்தாச்சு, டி.என்.பி.ஐ.டி.ன்னு போலீஸ்ல சொல்லுவாங்க, 10 வருஷம் வரைக்கும் தண்டனை. அரசாணை போட்டு சொத்தை முடக்குவாங்க, டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அதிகாரி) மாதிரி ஒருத்தரை அதுக்கு பொறுப்பா போடுவாங்க, அவர் சென்னை, கோவை, மதுரைல இருக்கற ஸ்பெஷல் கோர்ட்ல மனு போட்டு உறுதி பண்ணி, ஏலம் விட்டு, புகார் குடுத்தவங்களுக்கு விகிதாச்சாரப்படி பிரிச்சு குடுக்கணும். முழுசா 14 லட்சமும் வரும்னு நான் சொல்ல மாட்டேன், வருஷமும் ஆகும். ஆனா லிஸ்ட்ல பேர் இல்லாதவங்களுக்கு பங்கே இல்ல, அதனால இந்த வாரமே உங்க மாவட்ட பொருளாதார குற்றப்பிரிவுல உங்க பேர்ல தனி புகார் குடுங்க. டெபாசிட் ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், வட்டி வந்த என்ட்ரி, அந்த வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் அப்படியே வச்சிருங்க, போன் மாத்தினா கூட பழைய போனை வித்துடாதீங்க.

அப்புறம் ஒரு வேலை, இதை போலீஸை விட ஊர்க்காரங்க நல்லா செய்வீங்க. எம்.டி., டைரக்டர்கள், அவங்க மாமனார் மச்சான் பேர்ல எங்க எங்க நிலம் வாங்கினாங்கன்னு உங்க குரூப்புல ஒவ்வொருத்தருக்கும் ஒரு துண்டு தகவல் தெரிஞ்சிருக்கும். சர்வே நம்பர் கிடைச்சா வில்லங்க சான்று போட்டு பாருங்க. பிரச்சனை வெடிக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி மச்சான் பேருக்கு தானமோ கிரயமோ எழுதியிருந்தா அதையும் முடக்க டி.என்.பி.ஐ.டி. சட்டத்துல 8-வது பிரிவு இருக்கு. வில்லங்க சான்றோட ஒரு பெட்டிஷன் எழுதி விசாரணை அதிகாரிகிட்ட குடுத்து நகல்ல சீல் வாங்கிக்கோங்க. 5,000 வசூல் பண்றதை விட இது ஆயிரம் மடங்கு உருப்படியான வேலை.

கடைசியா தம்பி. டீச்சர், இதுல கொஞ்சம் கடுமையா பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கு அவர் வெளிநாட்டுல வேலை பாக்கற, எப்.ஐ.ஆர்ல பேர் இருக்கற ஒருத்தர், அவ்வளவுதான். கேஸ் தெரிஞ்சும் அங்கயே உக்காந்துட்டா அடுத்து வாரண்ட், அப்புறம் பிரகடனம், அந்த ஸ்டேஜ்ல முன்ஜாமீன் பொதுவா கிடைக்காது, பிரகடனத்துக்கு அப்புறம் ஆஜராகாததே தனி குற்றம், 7 வருஷம் வரைக்கும் போகும். மலேசியாவோட நமக்கு 2010-லயே எக்ஸ்ட்ராடிஷன் ஒப்பந்தம் இருக்கு, ஆனா கமிஷன் ஏஜென்ட்டுக்கு அவ்வளவு தூரம் போவாங்களான்னா சந்தேகம்தான், அதுக்கு முன்னாடி பாஸ்போர்ட் ரெனியூவல்ல மாட்டுவார். பாஸ்போர்ட் போனா வேலை பர்மிட் போச்சு, பர்மிட் இல்லாம அங்க பிடிபட்டா குடிநுழைவு முகாம்ல கிடந்து நாடு கடத்தப்பட்டு வரணும், அப்படி வரவரை பாத்து எந்த கோர்ட்டும் இவர் தானா வந்தார்னு சொல்லாது.

ஏர்போர்ட்ல பிடிப்பாங்களான்னா லுக் அவுட் சர்க்குலர், அதாவது இவரை கண்டா நிறுத்துங்கன்னு ஏர்போர்ட்டுக்கு குடுக்கற சுற்றறிக்கை, இருந்தா இமிகிரேஷன்ல நிறுத்தி போலீஸுக்கு சொல்லுவாங்க, அது எஸ்.பி. லெவல்ல இருந்து கேட்டு போடறது. அதனால சும்மா டிக்கெட் போட்டு இறங்கக்கூடாது. எப்.ஐ.ஆர் நகலை தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல எடுத்து கிரிமினல் பக்கம் பழக்கமுள்ள வக்கீல்கிட்ட குடுங்க, உங்க கேஸுக்கு போடற வக்கீல்கிட்ட வேண்டாம், நீங்க புகார்தாரர், அவர் குற்றம் சாட்டப்பட்டவர், ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் நிக்க முடியாது. முன்ஜாமீனா, நேரா வந்து சரண்டரா, இல்ல விசாரணைக்கு ஒத்துழைச்சு சாட்சியா மாற வழி இருக்கான்னு அவர் பிரிவுகளை பாத்து சொல்லுவார். வாங்கின கமிஷனை கோர்ட்ல கட்டத் தயார்னு முதல் மனுவுலயே சொல்லிட்டா நல்லது, ஜாமீன் பேசும்போது அது எடுபடும். அவரும் சொந்த பணம் போட்டு ஏமாந்திருந்தா அந்த ரசீதும் வேணும்.

உங்க புகார்ல தம்பி பேரை விட்டுட்டு எழுதணும்னு தோணும். யார் சொல்லி பணம் போட்டீங்கன்னு போலீஸ் கேக்கத்தான் போறாங்க, உள்ளதை சொல்லிடுங்க. வாரண்ட் வந்தப்புறம் அவருக்கு தங்க இடமோ பணமோ குடுத்து ஒளிச்சு வச்சா அது உங்க மேலயே கேஸ் ஆகும், அந்த பிரிவுல விதிவிலக்கு புருஷன் பொண்டாட்டிக்கு மட்டும்தான் இருக்கு, அக்கா தம்பிக்கு இல்ல. அவர் பாஸ்போர்ட் எந்த மாசம் முடியுதுன்னு இன்னிக்கே போன் பண்ணி கேட்டுக்கோங்க, ஆறு மாசத்துக்குள்ளன்னா வக்கீலை நாளைக்கே பாக்கணும்.